மஞ்சள் வைத்த பாவாடை

கண்ணாடிப் பெட்டிக்குள் நின்ற பொம்மைக்குத் தலை இல்லை. இடுப்பு மட்டும் இருந்தது. அதுவும் சோறு தின்னும் மனுசி எவளுக்கும் அமையாத இடுப்பு.

"சார், இந்தம்மா கடைசியா சாப்பிட்டது போன தீபாவளிக்கா இருக்கும்" என்றான் சேகர்.

துப்பறிவாளர் விமலநாதன் சிரிக்கவில்லை. சேகரின் பகிடிகளில் அரைவாசிக்கு அவர் சிரிப்பதில்லை, மிச்சத்துக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் சிரிப்பார். ஜேர்மனியில், ஹம்பேர்க்கின் பெரிய துணிக்கடை ஒன்றில் கள்ளர் பிடிக்கும் வேலையில் தலை நரைத்த மனிதர் அவர். ஒரு கோட்டுக்குள் இன்னொரு கோட்டைப் போட்டுக்கொண்டு மகாராணி மாதிரி வெளியேறும் பெண்களை எத்தனையோ தரம் மறித்திருக்கிறார். உடுப்பைப் பார்த்து ஆளைச் சொல்லும் வித்தை அங்கே படித்தது. சேகர் கோயம்புத்தூர்க்காரன். மென்பொருள் வேலை பறிபோனதும், அடுத்தது கிடைக்கும்வரை என்று இவரிடம் வந்து ஒட்டிக்கொண்டான். அடுத்தது இன்னும் கிடைக்கவில்லை. வாய்க்கு மட்டும் எந்தக் குறையும் இல்லை.

"இது உண்மையானது இல்லை" என்றார் பக்கத்தில் நின்ற டொக்டர் லாம்ப்றெக்ட். அல்டோனாவில் இருந்த அந்தச் சின்ன உடுப்பு அருங்காட்சியகத்தின் தலைவி அவர். முகத்தில் பல்வலிக்காரியின் கடுகடுப்பு. "உண்மையானதைக் களவெடுத்துவிட்டு இந்த நகலைப் போட்டிருக்கிறாள்."

களவு போனது ஓர் ஆசிரியையின் உடுப்பு. எட்வர்ட் மன்னர் இங்கிலாந்தை ஆண்ட நாளில், லீட்ஸ் நகரிலிருந்து ஹம்பேர்க்குக்கு வந்து, வியாபாரிகளின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்த ஒரு பெண் உடுத்தியது. காதடி வரை ஏறும், உள்ளே எலும்புத் துண்டு வைத்துத் தைத்த கழுத்துப்பட்டி. நெஞ்சுப் பக்கம் புறா மாதிரிப் பொங்கி நிற்கும் வெள்ளைச் சட்டை. இடுப்பில் இறுகி, நிலத்தில் விரியும் சாம்பல் நிறக் கம்பளிப் பாவாடை. ஓரம் தெருவில் தேயக்கூடாது என்று அடிவிளிம்பில் தடித்த நாடா ஒன்றையும் வைத்துத் தைத்திருந்தார்கள்.

"சீமாட்டிகளின் விருந்து உடுப்புகள் ஐரோப்பா முழுக்கக் குவிந்து கிடக்கின்றன" என்றார் தலைவி. "சம்பளத்துக்குப் போன நடுத்தரப் பெண்ணின் உடுப்பு மிஞ்சுவதே இல்லை. வெளிப்பக்கம் நரைத்தால் பிரித்து, உட்பக்கத்தை வெளியே திருப்பித் தைப்பார்கள். அதுவும் தேய்ந்தால் பிள்ளைக்குச் சட்டை. பிறகு தூசு துடைக்கிற துணி."

சேகர் விமலநாதனின் காதில் குனிந்தான். "எங்கம்மா நைட்டி மாதிரியே சார். கடைசியில கரித்துணி."

"நீர் கொஞ்சம் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரும்."

நகலைத் தைத்தவள் அஜிதா. உண்மையைக் கண்டுபிடித்துத் தாருங்கள் என்று விமலநாதனிடம் வந்தவளும் அவள்தான். தையலில் முறையாக அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்து, அருங்காட்சியகத்தின் தையலறையில் வேலை செய்பவள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி உடுத்துவதற்கென்று அந்த நகலைத் தைத்தாள். தைத்து முடித்த மறுநாளே உண்மையானது காணாமற் போக, நகல் பெட்டிக்குள் நின்றது. அவளுக்கு நிரந்தர வேலை ஒப்பந்தம் கையெழுத்தாக இருந்தது. இப்போது வேலையிலிருந்து நிறுத்தி, பொலிசிலும் முறைப்பாடு கொடுத்தாகிவிட்டது. ஒப்பந்தமா, வழக்கா என்பதுதான் அவளுக்கு மிச்சமிருந்த கேள்வி.

"அவள்தான் என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள்?" விமலநாதன் ஜேர்மன் மொழியாகிய டொச்சில் கேட்டார்.

தலைவி பெட்டியைத் திறந்து பாவாடையின் ஓரத்தைக் கையுறை விரலால் தூக்கிக் காட்டினார். அடிநாடாவின் மூலையில் ஒரு பெருவிரல் அளவுக்கு மஞ்சள்.

"இது சமையல் மஞ்சள். புது உடுப்பில் இதைப் பூசும் வழக்கம் யாருக்கு இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன்." நிறுத்தி, இருவரையும் பார்த்தார். "உங்கள் ஆட்களுக்கு."

அந்த 'உங்கள் ஆட்கள்' விமலநாதனுக்குச் சுருக்கென்று குத்தியது. முப்பது வருஷம் வரி கட்டினாலும் இந்த ஊரில் நாம் உங்கள் ஆட்கள்தான் என்று மனம் புகைந்தது. ஆனால் கண் அதன் வேலையைப் பார்த்தது. பொம்மையைச் சுற்றி நடந்தார். ஒருதரம் வந்து, மறுபடியும் நடந்தார்.

"இந்தப் பாவாடையின் திறப்பு எங்கே வரவேண்டும்?"

"பின்னால், முதுகுக்கு நேரே. மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். அந்தக் காலத்துப் பாவாடை எல்லாம் அப்படித்தான்."

"இது எங்கே இருக்கிறது?"

தலைவி குனிந்து பார்த்தார். திறப்பு பொம்மையின் இடுப்புப் பக்கமாக, வலது கை தொங்கவேண்டிய இடத்தில் இருந்தது.

"களவெடுத்த அவசரத்தில் திரும்பியிருக்கும்."

"அவசரத்தில் போட்டால் கொக்கி ஒன்றாவது தப்பியிருக்கும். இதில் ஒன்றும் தப்பவில்லை. சட்டையை உள்ளே விட்டு, சுருக்கைத் தட்டி, வடிவாக நிற்கிறது. போட்டவர் நிதானமாகப் போட்டிருக்கிறார். திறப்பு பக்கத்தில்தான் வரவேண்டும் என்று நினைத்துப் போட்டிருக்கிறார்."

தலைவி கையுறையைக் கழற்றினார்.

"அருங்காட்சியகம் திறக்கும் முன் உள்ளே வருபவர்கள் யார்?"

"நான், காவலாளி, அஜிதா. துப்புரவுக்கு ஒரு பெண் வருவாள்."

"அவர் பெயர்?"

"கம்பனி அனுப்புகிற ஆள்" என்றார் தலைவி. அதற்கு மேல் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

*

அல்டோனா ஸ்ரேசனுக்கு எதிரில் இருந்த பேக்கரியில் அஜிதா காத்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. ஆனால் பேச்சில் அழுகை இல்லை, நெருப்புத்தான் இருந்தது.

"அண்ணை, பழைய துணிக்குப் பக்கத்தில மஞ்சளைக் கொண்டுபோறது பெற்றோல் ஷெட்டில நெருப்புக்குச்சி தட்டுற மாதிரி. நாங்கள் கிறீம் பூசின கையால கதவுப் பிடியைக்கூடத் தொடமாட்டம். நான் போய் மஞ்சள் பூசுவனே? அந்த மனுசிக்கு விசரோ?"

"கூகிள்ல தேடினாங்களாம்" என்றான் சேகர். "எனக்கும் தலைவலின்னு தேடினா கூகிள் கருமாதிக்கு நாள் குறிக்கும்."

அவள் உதடு கொஞ்சம் அசைந்தது. விமலநாதன் அந்த இடைவெளியில் கேட்டார்.

"பிள்ளை, அந்தப் பாவாடைத் திறப்பு எங்க வரும்?"

"பின்னால, நடு முதுகில" என்றாள், யோசிக்காமலே.

"சீலைக்கு உள்பாவாடை கட்டேக்க நாடா முடிச்சு எங்க வரும்?"

"பக்கத்தி..." கோப்பையைத் தூக்கிய கை நின்றது. "ஏன் கேக்கிறீங்கள்?"

"சும்மாதான். மியூசியத்தில வேற தமிழாக்கள் ஆரும் வேலையோ?"

"இல்லை. ஒருத்தரும் இல்லை."

கேள்வி முடியமுன் பதில் வந்தது. துணிக்கடையில் 'பையைத் திறவுங்கோ' என்று சொல்ல முன்னமே 'நான் எடுக்கேல்லை' என்பவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவள் எஸ்-பான் ரயில் பிடிக்கப் போனதும் சேகர் பக்கம் திரும்பினார்.

"சேகர், கள்ளன் தான் மாத்தி வைக்கிற சாமானுக்கு மஞ்சள் வைப்பானோ?"

"அடுப்பு இருந்தா பொங்கலும் வைப்பான். சாரி சார். வைக்கமாட்டான்."

"பின்ன ஆர் வைக்கிறது?"

சேகர் முதன்முறையாக யோசித்தான். "எங்கம்மா வைப்பாங்க. புது டிரெஸ்ஸை அப்படியே போட்டா வாசல் தாண்ட விடமாட்டாங்க. கோடித்துணியா உடம்புல ஏத்தக்கூடாது, அது பொணத்துக்குன்னு சொல்லுவாங்க."

"அதுதான். மஞ்சள் வைச்ச ஆளுக்கு அது நகலும் இல்லை, களவுச் சாமானும் இல்லை. முதன்முதலா ஒரு உடம்பில ஏறுற புது உடுப்பு. பொம்மை எண்டாலும் கை கேக்கேல்லை. பாவாடையை எடுத்ததும் திறப்பைப் பக்கத்தில விட்டதும் அதே கைதான். தையல் படிச்ச பிள்ளையின்ர கை இல்லை அது. ஆயுசு முழுக்கச் சீலை உடுத்த கை."

"அப்போ சேலை கட்டுற, மஞ்சள் வைக்கிற, சாவி வச்சிருக்கிற ஒரு அம்மா. மொத்த ஹம்பேர்க்லயும் எத்தனை பேர் சார் தேறுவாங்க?"

"ஒரு ஆள் போதும்."

*

அடுத்த நாள் காலை இருவரும் அருங்காட்சியகத்தின் பின்கதவுக்கு எதிரே, மூடிக் கிடந்த பூக்கடை ஒன்றின் கூரைக்கீழ் நின்றார்கள். தூறல் சிணுங்கிக்கொண்டிருந்தது. துப்பறியும் தொழிலில் சுகமான வேலை இதுதான், நனைந்துகொண்டு சும்மா நிற்கலாம் என்றான் சேகர்.

கதவு திறந்தது. கம்பளித் தொப்பியும் தடித்த கோட்டுமாக ஒரு பெண் குப்பைப் பையோடு வெளியே வந்தார். பையைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றி, நெற்றியைத் துடைத்தார்.

சேகரின் வாய் திறந்தபடி நின்றது.

சுந்தரேஸ்வரி. அஜிதாவின் தாய். போன கிழமை மகள் இவர்களுடைய அலுவலகத்துக்கு வந்தபோது, சேலைக்கு மேலே இதே கோட்டைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தவர். மூலைக் கதிரையில் இருந்து, "விடுங்கோ தம்பி, வேலைதானே, போகட்டும்" என்று மட்டும் சொன்னவர். தாய்மாருக்கு வழக்கென்றால் பயம் என்று விமலநாதன் அன்றைக்கு நினைத்தார். தான் ஒரு மடையன் என்று இப்போது நினைத்தார்.

தெருவைக் கடந்து போனார். "அக்கா."

சுந்தரேஸ்வரி ஓடவில்லை, திகைக்கவுமில்லை. பெருமூச்சுத்தான் வந்தது. "கண்டுபிடிச்சிட்டியளே தம்பி."

"இஞ்ச எவ்வளவு காலமா வேலை?"

"பிள்ளை இஞ்ச சேர முந்தியே."

"அவவுக்குத் தெரியுமே?"

"தெரியாமல்? ஒரே கதவாலதானே வாறம்." அவர் சுவரோடு சாய்ந்து நின்றார். "சேர்ந்த முதல் நாளே சொல்லிப்போட்டா. அம்மா, இஞ்ச என்னோட கதைக்காதேங்கோ, படிச்ச ஆக்கள் நிக்கிற இடம் எண்டு. ஓம் எண்டன். விடிய நான் நிலம் துடைப்பன். அவ தாண்டிப் போகேக்க 'குட்டன் மோர்கன்' எண்டு டொச்சில காலை வணக்கம் சொல்லுவா. பெத்த தாய்க்குக் குட்டன் மோர்கன், தம்பி! பிறகு போய் அந்தச் செத்தவளின்ர சட்டையைக் குழந்தைப்பிள்ளை மாதிரித் தூக்கி வைச்சுக்கொண்டு இருப்பா."

அப்படிக் கதைக்காமல் போகும் பிள்ளைகளை விமலநாதனுக்குத் தெரியும். எங்களுக்காகக் கக்கூஸ் கழுவிப் படிப்பிச்சவை என்று மேடையில் அழுவார்கள், வேலையிடத்தில் முகம் திருப்புவார்கள்.

"அந்தக் கோபத்திலயோ எடுத்தனீங்கள்?"

"கோபமோ என்னவோ. கொலோனில இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல பொடியன். பிள்ளைக்கு என்ன வேலை எண்டு கேட்டினம். செத்த வெள்ளைக்காரியளின்ர உடுப்புத் தைக்கிறா எண்டு தெரிஞ்சதும் தேத்தண்ணியும் குடிக்காமல் எழும்பிப் போட்டினம். இந்த வேலை நிரந்தரமாச்சுதெண்டால் அவ கலியாணமே செய்யாள். அதுதான், உடுப்பு மாறினால் இவைக்கு அவவில நம்பிக்கை போகும், வீட்டுக்கு அனுப்பி விடுவினம் எண்டு நினைச்சன். பொலிஸ் வருமெண்டு ஆர் கண்டது?"

"மஞ்சள் எங்கால வந்தது?"

"வீட்டிலயிருந்து குழைச்சுக் கொண்டுபோனனான்." அவர் கண் முதல்தடவையாக நிறைந்தது. "அவ தனிய வெட்டித் தைச்ச முதல் முழு உடுப்பு, தம்பி. என்னெண்டு வெறுமனே போடுறது?"

சேகர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். மகளின் வேலையைக் கெடுக்கப் போன மனுசி, மகளின் கைவேலைக்கு மஞ்சளும் குழைத்துக்கொண்டு போயிருக்கிறார். இதற்குப் பகிடி சொல்ல அவனாலும் முடியவில்லை.

விமலநாதனுக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. உண்மையான உடுப்பைத் திருப்பிக் கொடுத்து, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, முறைப்பாட்டை மீளப் பெறச் செய்யலாம். "அக்கா, பழைய உடுப்பு எங்க இருக்கு?"

"பழைய உடுப்புப் போடுற இரும்புப் பெட்டி இருக்கெல்லே தெருவில, அதுக்குள்ள போட்டிட்டன்."

"எப்ப?"

"அண்டைக்கே. செத்தவளின்ர உடுப்புத் தம்பி! குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டுக்குள்ள அதை வைக்கலாமே?"

அவ்வளவுதான், வழி அடைபட்டுப் போனது. நூறு வருஷத்துக்கு மேல் பிரிபடாமல், கிழிபடாமல், எந்தப் பிள்ளைக்கும் சட்டையாகாமல் தப்பி வந்த உடுப்பு. இரண்டு பெரிய யுத்தங்களுக்கும் தப்பியது இந்தத் தாயின் சாத்திரத்துக்குத் தப்பவில்லை. அந்தப் பெட்டியை இதற்குள் எத்தனை தரம் வந்து வெறுமையாக்கியிருப்பார்களோ தெரியாது.

"பிள்ளையைக் கூப்பிடும்" என்றார் சேகரிடம்.

*

அஜிதா வந்தாள். பின்கதவையும் அங்கே நின்ற தாயையும் கண்டதும் கால் நின்றது. விமலநாதன் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஒருத்தரும் இல்லை எண்டு ஏன் என்னட்டைச் சொன்னனீங்கள் பிள்ளை? அம்மாவைச் சந்தேகப்பட்டோ?"

"சந்தேகமெண்டு இல்லை அண்ணை." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "சொல்லிப் பழக்கமில்லை."

சுந்தரேஸ்வரி மகளின் கோட்டுக் கையைப் பிடித்தார். "ஒண்டும் சொல்லாதை பிள்ளை. எனக்குத் தெரியாதெண்டு நில். கொஞ்சக் காலம் போக எல்லாம் தானாக ஓடிப்போகும்."

"ஓடிப்போகாதம்மா. இந்த நாட்டில ஒரு கடதாசியும் ஓடிப்போறேல்லை. நாளைக்கு வேற எங்க வேலை கேட்டாலும் கள்ளி எண்டுதான் பாப்பினம்."

"அப்ப என்னைக் காட்டிக் குடுக்கப் போறியே?"

அஜிதா தாயின் முகத்தை நேரே பார்த்தாள். "நீங்கள் வந்தால் நீங்கள் சொல்லலாம். வராட்டி நான் சொல்லுவன்."

பின்கதவால் போகாமல், தெருவைச் சுற்றி, வருகிறவர்கள் நுழையும் முன்வாசலால் அவள் உள்ளே போனாள். விமலநாதன் பின்னால் போனார். ஏதோ வேண்டுதல் செய்கிறவர் மாதிரி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு சுந்தரேஸ்வரியும் வந்தார். சேகர் அவருக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

டொக்டர் லாம்ப்றெக்ட் மேசையிலிருந்து எழும்பவில்லை. சுந்தரேஸ்வரி வாசற்படியைத் தாண்டாமல் தொப்பியைக் கசக்கியபடி நின்றார். அம்மாவே சொல்லட்டும் என்று அஜிதா பார்த்தாள். பிறகு தானே டொச்சில் சொன்னாள்: யார் எடுத்தது, எப்படி மாற்றியது, எங்கே போட்டது.

"இரும்புப் பெட்டிக்குள்ளா!" தலைவி கண்களை மூடிக்கொண்டார். திறந்தபோது வாசலில் நின்றவரை ஏதோ புதிதாகக் காண்பதுபோல் பார்த்தார். "இந்தத் துப்புரவுப் பெண்ணை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மைனே முட்டர்" என்றாள் அஜிதா. "என் அம்மா."

சுந்தரேஸ்வரிக்கு இருந்த டொச், வாளிக்கும் துடைப்பத்துக்கும் போதுமானது. ஆனால் அந்த ஒரு சொல் அவருக்கு விளங்கியது. இந்தக் கட்டடத்துக்குள் மகள் அதைச் சொல்லிக் கேட்கவேண்டும் என்று எத்தனை காலை ஆசைப்பட்டிருப்பாரோ. கேட்டார். முகத்தில் சந்தோஷத்துக்கு இடமிருக்கவில்லை.

"உங்கள் மேல் கொடுத்த முறைப்பாட்டை மீளப் பெறுகிறேன்" என்றார் தலைவி. "அது நியாயம். ஆனால் ஒப்பந்தத்தில் இனி என்னால் கையெழுத்துப் போட முடியாது. தினமும் உங்களோடு ஒரே கட்டடத்தில் உங்கள் தாய் வேலை செய்திருக்கிறார். ஒருநாள்கூடச் சொல்லவில்லை. ஏன் மறைத்தீர்கள்?"

அஜிதா நிலத்தைப் பார்த்தாள். தாய் பளபளவென்று துடைத்து வைத்த நிலம் அது.

"தம்பி, என்ன கேக்கிறா?" சுந்தரேஸ்வரி விமலநாதனின் பக்கம் சாய்ந்தார்.

"ஏன் முந்தியே சொல்லேல்லை எண்டு கேக்கிறா, அக்கா."

"நான்தான் சொல்லவேண்டாமெண்டு தடுத்தனான் எண்டு சொல்லுங்கோ. பிள்ளையில பிழை இல்லை எண்டு சொல்லுங்கோ. கெதியாச் சொல்லுங்கோ தம்பி."

தலைவி விமலநாதனைப் பார்த்தார். பொய்தான், ஆனால் ஒப்பந்தம் பிழைக்க இது ஒன்றுதான் மிச்சம். மொழிபெயர்க்கலாமா என்று விமலநாதன் தடுமாறிய நேரத்தில் அஜிதா முந்திக்கொண்டாள்.

"அம்மா பொய் சொல்லச் சொல்கிறார்" என்றாள் டொச்சில். "மறைத்தது நான். எனக்கு வெட்கமாக இருந்தது."

பிறகு வாசல் பக்கம் திரும்பி அதையே தமிழில் சொன்னாள். "உங்களை நினைச்சு எனக்கு வெக்கமா இருந்ததம்மா."

தலைவி தொலைபேசியில் பொலிசின் எண்களைத் தட்டத் தொடங்கினார். சுந்தரேஸ்வரி தொப்பியை நீவிச் சரிப்படுத்திக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

"எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார்.